ஐம்பத்து மூன்றாம் நாள் டீ

செஞ்சி
12 ஜனவரி 2024, வெள்ளி இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெனி எழுதுகிறேன். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பயத்தில் என்று நினைத்துக்கொள். உண்மையும் அதுதான். நைனா இருமும் போதெல்லாம் பேனாவை மூடிவிடுகிறேன்.

போன அக்டோபரில் நீ பேசியது. அதற்குப் பிறகு நைனா போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. "கமாண்டோன்னா அப்டித்தான், ஊரு பேரு சொல்ல மாட்டான்" என்று நைனா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். என் போனைப் பரீட்சை முடியும்வரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால்தான் கடிதம்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பன்னிரண்டு அடி. மெரூன் தொப்பி போட்டு நீ நிற்கிறாய், பின்னால் ராஜகிரிக் கோட்டை, மேலே ஹெலிகாப்டர். "செஞ்சி மண்ணின் கமாண்டோ ஜெபின்" என்று எழுதி, கீழே வட்டத்துக்குள் நைனா கும்பிடுகிறார். பயிற்சி முடிந்த நாளில் நீங்கள் எல்லோரும் கண்ணாடியைக் கடித்துத் தின்பீர்களாமே. நைனா எங்கோ யூடியூபில் பார்த்துவிட்டு, "எம்புள்ள கண்ணாடி தின்னவன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் அனந்தபுரத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டு வந்தது. மரியசெல்வம் என்று பெயர், நெல் அறுக்கும் மெஷின் வைத்திருக்கிறார். அவர் மகன் கிறிஸ்டோபர் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார். வந்த ஒரு மணி நேரத்தில் உன்னைப் பற்றி இருபது கேள்வி கேட்டார். எத்தனை கிலோ தூக்குவாய், எத்தனை மாடியிலிருந்து குதிப்பாய் என்று. என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு என்னைவிட உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத்தான் ஆசை போலிருக்கிறது.

சிரிக்காதே. ஏப்ரல் மூன்றாம் தேதி எனக்குப் பதினெட்டு முடிகிறது. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, மே மாதம் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

நைனா உன் பேச்சைத்தான் கேட்பார். ஒரு போன் போட்டு, "ஜெனி படிக்கட்டும்" என்று சொல். அது போதும். பதிலை என்னோடு படிக்கும் மணிமொழி வீட்டுக்குப் போடு. அவளுடைய அப்பா பாண்டுரங்கனும் மிலிட்டரியில் இருந்து வந்தவர் என்பதால் அந்த வீட்டுக்கு உன் கடிதம் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஜெனி


56 ஏ.பி.ஓ.
29 ஜனவரி 2024

ஜெனிக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தப் பனி மலையில் சிக்னல் கிடையாது. போன் செய்ய முடியாத நிலைமை.

நைனா உன் நல்லதுக்குத்தான் செய்வார். கிறிஸ்டோபர் நல்ல பையன் என்றுதான் நானும் கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாம். எத்தனையோ பேர் படிக்கிறார்கள்.

அந்த ஃப்ளெக்ஸை மட்டும் உடனே இறக்கச் சொல். பாதுகாப்புக் காரணம். எங்கள் முகம் வெளியே தெரியக் கூடாது. இதை நான் சொன்னதாகச் சொல்லாதே, பொதுவாகச் சொல்.

பரீட்சைக்கு ஒழுங்காகப் படி. இப்படிக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதே.

ஜெபின்


செஞ்சி
9 பிப்ரவரி 2024, இரவு

அண்ணா,

யாரிடம் கேள்விப்பட்டாய்? கிறிஸ்டோபர் நல்ல பையன் என்று பனி மலையில் உனக்கு யார் வந்து சொன்னது? சிக்னல் இல்லாத இடத்துக்கு அந்தச் செய்தி மட்டும் எப்படி ஏறி வந்தது?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கு வராததற்குப் பிள்ளைகள் எழுதும் லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. காரணம் இருக்கிறது, விஷயம் இல்லை.

நேற்று நானும் மணிமொழியும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, பேட்ஜ் வலது கண்ணு மேல இருக்குது?"

"அதுக்கு இன்னா நைனா?" என்றாள் மணிமொழி.

"எந்த ரெஜிமென்ட்டா இருந்தாலும் இடது கண்ணு மேலதான் வரும். கண்ணாடியில பாத்த மாதிரி போட்டோவத் திருப்பி வெச்சிருக்கானுங்க. யாரு பண்ணது, ஸ்டுடியோ குருவா? அவன் படத்துல எடம் வேணும்னா கோபுரத்தையே திருப்பி வெப்பான்."

பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி சரி, பஸ்ஸு வந்துட்டுது பாரு" என்றார். அவர் வேறு எதையோ பார்த்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை.

அதனால் நானே பார்த்தேன். உன் மச்சம் இடது கன்னத்தில் இருக்கும், அதில் வலது கன்னத்தில் இருக்கிறது. அதாவது திருப்பியது உண்மை. இன்னொன்று, தொப்பியின் ஓரத்தில், காதுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பச்சை. மெரூன் பூசியபோது குருவின் கை அங்கே போகாமல் விட்டுவிட்டது. போன வருஷம் நீ உன் ரெஜிமென்ட்டின் பச்சைத் தொப்பியில் அனுப்பிய அதே போட்டோ அது.

நீ அந்தத் தொப்பியை வாங்கினாயா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுது.

ராஜகிரி உச்சிக்கு நீ முதுகில் மணல் மூட்டையோடு ஓடுவாய், நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு படி எண்ணிக்கொண்டு வருவேன். ஒரு நாள் நீ பாதியில் உட்கார்ந்துவிட்டாய். "யாருக்கும் சொல்லாத" என்றாய். இன்றுவரை சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

ஜெனி

பின்குறிப்பு: இங்கே பல்பு ஃபியூஸ் போய்விட்டது. மறுநாள் பார்த்தால் புது பல்பு மாட்டியிருக்கிறது. நைனா மாட்டியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.


56 ஏ.பி.ஓ.
25 பிப்ரவரி 2024

ஜெனி,

இல்லை.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். இதற்கு மேல் படிக்கவேண்டும் என்றால் பரீட்சை முடிந்த பிறகு படி. காத்திருக்க முடியாது என்றால் இப்போதே படி.

அறுபத்தைந்தில் நடந்த போரில் ஒரு மேஜர் பல ரெஜிமென்ட்டுகளிலிருந்து தானே ஆள் பொறுக்கி, ஒரு சின்னக் கூட்டமாக எல்லை தாண்டிப் போய்ச் சண்டை போட்டார். அந்தக் கூட்டத்திலிருந்துதான் இந்தப் படை வளர்ந்தது. இன்றைக்கும் யாரையும் கட்டாயப்படுத்தி எடுப்பதில்லை. நாமே கேட்டுப் போகவேண்டும். மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் மெரூன் தொப்பி. இல்லையென்றால் பழைய யூனிட்டுக்குத் திரும்பவேண்டும்.

என்னோடு நாற்பத்தொரு பேர். உள்ளே போனதும் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் இருபத்தேழாம் நம்பர். பகல், ராத்திரி என்று எதுவும் இல்லை. ஒரு மரக்கட்டையை எட்டுப் பேர் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவோம். ஒருத்தன் குனிந்தால் மற்ற ஏழு பேர் மேல் பாரம் ஏறும், அதனால் குனிய முடியாது. கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளுவார்கள். கரையேறியதும் கணக்குப் போடச் சொல்வார்கள். அடிபட்டவனுக்கு ஊசி போடுவது எப்படி என்று கேட்பார்கள். ஒரு தடவை ஆறு நாளில் மொத்தம் ஏழு மணி நேரம் தூங்கினேன். நின்றுகொண்டே கனவு வரும். அம்மா தோசை ஊற்றும் சத்தம் கேட்கும்.

திட்டுவார்கள், அடிப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொடுமை அது இல்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு டிரக் நிற்கும். பின்பக்கம் திறந்திருக்கும். உள்ளே கம்பளி, கெட்டிலில் டீ. ராத்திரிதோறும் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் வந்து அன்பாகக் கேட்பார். "யாருக்காவது போகணுமா? யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். டீ சூடாக இருக்கிறது." அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு ராத்திரி நான் அந்த டிரக்கைப் பார்க்காமல் நின்றேன்.

ஐம்பத்து மூன்றாவது நாள் எனக்கு அடிபடவில்லை. காய்ச்சல் இல்லை. யாரையும் காப்பாற்றப் போகவில்லை. எழுதுவதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறதா என்று நான்கு மாதமாகத் தேடுகிறேன், ஒன்றும் இல்லை. உஸ்தாத் கேட்டார். "என்னால் முடியாது சார்" என்றேன். ஏறி உட்கார்ந்தேன். நைனாவிடம் சொல்லவேண்டாம், உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் கண்ணாடி தின்னவில்லை. கண்ணாடி கிளாஸில் டீ குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது.

மறுநாள் நைனாவுக்குப் போன் போட்டேன். "நைனா, முடிஞ்சிடுச்சு" என்றேன். அடுத்த வார்த்தையைத் தேடினேன். நைனா அந்தப் பக்கம் கத்தினார், "முடிச்சிட்டியாடா! ஏ விமலா, உம்புள்ள முடிச்சிட்டானாம்!" தெருவே கூடிவிட்டது. பட்டாசுச் சத்தம் கேட்டது. நான் சொன்னது ஒரு முடிவு, அவர் கேட்டது வேறு முடிவு. திருத்தியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

ஜெனி, இதை வெளியே விடாதே. தெரிந்தால் அனந்தபுரத்துக்காரர்கள் நைனாவின் முகத்தில் துப்புவார்கள். நானும் ஊருக்குள் வரவே முடியாது. என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே.

ஜெபின்


செஞ்சி
22 மார்ச் 2024, இரவு

அன்புள்ள அண்ணா,

இன்றோடு பரீட்சை முடிந்தது. உன் கடிதத்தைப் பரீட்சைக்கு முன்பே படித்துவிட்டேன். இயற்பியலில் கொஞ்சம் மார்க் குறைந்தால் அது உன் கணக்கு.

முதலில் ஒன்று. காட்டிக் கொடுக்க மாட்டேன். எனக்கு அது வழியாகவும் தெரியவில்லை. நீ கமாண்டோ இல்லை என்பதால் இந்தக் கல்யாணம் நின்றால், உன்னைப் பற்றிக் கவலைப்படாத வேறு ஒரு மாப்பிள்ளையை நைனா அடுத்த மாதம் கொண்டுவருவார். இது நிற்பதாக இருந்தால் என்னால் நிற்கவேண்டும்.

இரண்டாவது. உன் கடிதத்தில் நீ எதற்காக வெட்கப்படுகிறாயோ அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னைத் தினமும் கேட்டார்கள், அண்ணா. ஐம்பத்து மூன்று ராத்திரி, யாரோ ஒருவர் வந்து, போகிறாயா இருக்கிறாயா என்று உன்னைக் கேட்டிருக்கிறார். என்னை இதுவரை ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புடவை என்ன கலர் என்றுகூட மரியசெல்வத்தின் மனைவி அம்மாவைத்தான் கேட்டார்.

என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்காதே. எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

தேர்தல் வந்துவிட்டதால் ஊரில் தலைவர்கள் சிலையெல்லாம் துணி சுற்றி மூடிவிட்டார்கள். கட்சிக் கொடி, பேனர் எல்லாம் போய்விட்டது. உன்னை மட்டும் விட்டுவிட்டார்கள். "மிலிட்டரின்னா அதிகாரிக்கே பயம்" என்று நைனாவுக்கு இன்னும் இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். ஏப்ரல் 14, 21, 28, மூன்று ஞாயிறும் கோயிலில் எங்கள் பெயரில் ஓலை வாசிப்பார்கள். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று வருமே, அது. ஆனால் அதற்கு முன்னால், 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், பங்குச்சாமியார் எங்களை அழைத்து விசாரிப்பார். போன மாதம் கல்யாணப் பதிவுக்குப் போன அனு அக்காவிடம் தெரியாதது போலக் கேட்டுப் பார்த்தேன். உறவு முறை, ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பெண்ணைப் பார்த்து, "முழுச் சம்மதம்தானா?" என்று ஒரு கேள்வி கேட்பாராம். "சும்மா கேப்பாரு, தலைய ஆட்டிட்டு வந்துடு" என்றார் அக்கா. நைனாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

அண்ணா, என் டிரக் அங்கேதான் நிற்கிறது.

நைனா அடிக்க மாட்டார், ஆனால் பேசாமல் இருப்பார். அவர் பேசாமல் இருந்தால் வீட்டில் சோறுகூடச் சத்தம் போடாமல் வேகும். மரியசெல்வம் இருப்பார், கிறிஸ்டோபர் இருப்பார். நம் கோட்டையை எட்டு வருஷம் முற்றுகை போட்டார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் எட்டு நிமிஷம் தாங்கினால் போதும். செஞ்சிக்காரி தாங்குவேன்.

உன் பொய்யை நான் தொட மாட்டேன். அதை வைத்துக்கொள்வதா, போடுவதா என்று நீதான் சொல்லவேண்டும். உன்னையும் இந்த விஷயத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கிறேன்.

ஜெனி


56 ஏ.பி.ஓ.
31 மார்ச் 2024, ஈஸ்டர்

பாப்பா,

இதே தபாலில் நைனாவுக்கும் நான்கு வரி எழுதிப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் வந்தாலும் வரும். கவனமாக இரு. என்ன எழுதினேன் என்றால், "நைனா, அன்றைக்கு நான் சொன்னது வேறு. நான் தேறவில்லை. ஐம்பத்து மூன்றாம் நாள் நானே டிரக்கில் ஏறி, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் படம் என் பழைய பச்சைத் தொப்பிப் படம்." பத்துத் தாள் கிழித்த பிறகு வந்தது இந்த நான்கு வரிதான்.

என்னோடு கட்டை தூக்கிய ஆனந்தராஜ் தேறிவிட்டான். அவனுக்கு மெரூன் கிடைத்த அன்று என்னைக் கூப்பிட்டான். என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் சாப்பாடு பற்றிப் பேசினோம். அவன் என்னைவிடப் பெரிய ஆள், அதில் சந்தேகம் இல்லை. அவர்கள் போகும் இடத்துக்கு நான் போக முடியாது. ஆனால் நான் நிற்கும் இடத்திலும் ஆள் நிற்கத்தானே வேண்டும். இங்கே எட்டுப் பேர் இருக்கிறோம். பல் துலக்கும் பேஸ்ட் கல்லாக உறைந்துவிடுகிறது. எட்டுப் பேருக்கும் பச்சைத் தொப்பி. ஃப்ளெக்ஸ் அடிக்க வருபவன் எங்கள் பக்கம் வரமாட்டான்.

கிறிஸ்டோபரைப் பற்றி நான் யாரிடமும் கேள்விப்படவில்லை. சிக்னலும் சில நாள் கிடைக்கும். பொய் எழுதினேன். மன்னித்துவிடு.

12ஆம் தேதி சாயங்காலம் எனக்குக் காவல் முறை. அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொள்வேன். கேள்வி வரும்போது தரையைப் பார்க்காதே. உஸ்தாத் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜெபின்


செஞ்சி
14 ஏப்ரல் 2024, ஞாயிறு, பகல் பதினொரு மணி

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேலே நேரத்தைப் பார்த்தாயா? பகல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நைனாவுக்கு உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. களத்தில் வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மல்லாட்டையைக் கிளறிவிடப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்து, "ஏறு" என்றார். விஷயம் தெரிந்த பிறகும் அழைத்துப்போகிறாரே என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அம்மா ஓடிவந்து என் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்தாள். பிரித்துப் பார்த்தால் பீரோவில் இருந்த என் போன்.

சாமியாரின் அறையில் நாங்கள் ஐந்து பேர். சாமியார் கிறிஸ்டோபரைக் கேட்டார், அவர் சம்மதம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜெனிபர், உன் முழுச் சம்மதந்தானே மா?"

"சம்மதம் சாமி" என்றார் நைனா.

"உன்னைக் கேக்கல தோமினிக்."

நீ சொன்னது ஞாபகம் இருந்தது, அண்ணா. தரையைப் பார்க்கவில்லை. சாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

"என்னால முடியாது சாமி."

"இன்னாமா முடியாது?"

"இந்தக் கல்யாணம். இவரு மேல கொற ஒண்ணும் இல்ல. எனக்குச் சம்மதம் இல்ல. என்னை இப்பத்தான் மொத மொதல்ல கேக்குறீங்க, அதான் இப்பச் சொல்றேன்."

மரியசெல்வம் எழுந்துவிட்டார். "இன்னாய்யா தோமினிக், வெளையாட்டா இருக்குதா? மூணு மாசமா ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்கோம். கமாண்டோ வூட்டுப் பொண்ணுன்னுதானே வந்தோம்!"

நைனா கழுத்து நரம்பு புடைத்தது. என்னைத்தான் திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எம்புள்ள கமாண்டோ இல்ல. நேத்துத்தான் தெரியும். இதையும் தெரிஞ்சிக்கினு போ."

மரியசெல்வம், "அப்பன் ஃப்ளெக்ஸ்ல பொய் சொல்றான், பொண்ணு கோயில்ல மானத்த வாங்குறா, நல்ல குடும்பம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கிறிஸ்டோபர் போகவில்லை. மடித்தபடி கிடந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"எத்தினி நாள் தாங்குனாரு?"

"அம்பத்து மூணு."

"அம்பத்து மூணா!" என்றார். "நான் போன வருஷம் போலீஸ் கிரவுண்ட்ல மூணாவது ரவுண்டுலயே வுழுந்துட்டேன்." வெளியே அவர் அப்பா ஹாரன் அடித்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் குறை இல்லை என்று நான் சொன்னது சரிதான்.

திரும்பி வரும்போது நைனா பைக்கை அத்தனை வேகமாக ஓட்டினார். நான் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கையைத் தட்டிவிடவில்லை.

இன்று காலைப் பூசையில் ஓலை வாசித்தார்கள். வேறு இரண்டு ஜோடி. எங்கள் பெயர் இல்லை. எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் நம் தெரு பெரியதம்பியின் மனைவி அம்மாவைப் பிடித்து, "இன்னா விமலா, கல்யாண விசயம் இன்னா ஆச்சு?" என்றாள். அம்மா, "முடிஞ்சிடுச்சு" என்றாள். அவள் அதைக் கல்யாணமே சத்தமில்லாமல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். நம் குடும்பத்துக்கு இந்த வார்த்தையே ஆகாது. அம்மா சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான்.

நைனா இன்னும் என்னோடு பேசவில்லை. உன்னோடும் எப்போது பேசுவார் என்று தெரியாது. நேற்று அவரே ஏணி போட்டு ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். கீழே நின்று நாலு பேர் சிரித்தார்கள். "தோமினிக்கு, புள்ள கண்ணாடி தின்னானா, டீ குடிச்சானா?" என்று கையில் டீ கிளாஸோடு ஒருத்தன் கேட்டான். செய்தி அதற்குள் அனந்தபுரத்திலிருந்து வந்துவிட்டது. நைனா ஏணியில் நின்றபடியே, "அம்பத்து மூணு நாளு ஆனப்புறம் குடிச்சான்டா. நீ எந்திரிச்ச ஒடனே குடிக்கிற" என்றார்.

நேற்று ராத்திரி மழை தூறியது. களத்தில் மல்லாட்டைக் குவியலை மூடுவதற்கு அந்த ஃப்ளெக்ஸைத்தான் விரித்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அம்மா திருப்பப் போனாள். "இருக்கட்டும் வுடு" என்றார். "தொப்பிதான் பொய்யி. மூஞ்சி எம்புள்ளது."

நான் இங்கிருந்து பார்க்கிறேன். மல்லாட்டைக்கு மேல் நீ காவல் காக்கிறாய், மச்சம் மட்டும் வலது கன்னத்தில்.

லீவு கிடைத்ததும் வா. பச்சைத் தொப்பியோடு, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எல்லோரும் பார்க்க நடந்து வா. சிரிப்பார்கள். நானும் கூட நடக்கிறேன், இரண்டு பேரையும் சேர்த்துச் சிரிக்கட்டும்.

இனி மணிமொழி வீட்டுக்கு எழுதாதே. நம் வீட்டு முகவரிக்கே போடு. கவரின் மேல் என் பெயரைப் பெரிதாக எழுது.

உன் தங்கை
ஜெனிபர்